முங்குமா, முங்காதா?

அண்ணாச்சி: அதென்னவே, பச்சைப்பிள்ளையைப் போலத் துண்டில் சுருட்டி வைத்திருக்கிறீர்?

தம்பி: வாட்ச், அண்ணாச்சி. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், ஆற்றில் ஒரே ஒரு முங்கு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். கல்லில் வைக்காதீர்கள், கீறிவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி: மடி ஈரமாக இருக்கிறதே.

தம்பி: ஐயோ! அப்படியென்றால் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி: தூக்கினால் பேருந்தை நிறுத்துகிறவனைப் போல இருக்கும். அப்படி என்ன வாட்ச் இது?

தம்பி: சப்மரைனர்.

அண்ணாச்சி: அடடே! நீர்மூழ்கிக் கப்பல்காரரா? நேவியில் எடுத்துவிட்டார்களா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீர். விஜயநாராயணம்தானே? ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடலுக்கடியில் கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கு நம்ம திருநெல்வேலி ஜில்லாப் பொட்டலில் இருந்துதான் சேதி போகிறது என்று நான் சொன்னால் இந்தப் படித்துறையில் ஒருவனும் நம்பமாட்டேன் என்கிறான். இனி உம்மைக் காட்டுவேன்.

தம்பி: நான் இப்போதும் பேங்கில்தான் இருக்கிறேன், அண்ணாச்சி. வாட்சின் பெயர்தான் சப்மரைனர். ரோலக்ஸ் கம்பெனி. கடலில் முங்குகிறவர்களுக்கென்றே 1953இல் கொண்டுவந்தார்கள். முதலில் 100 மீட்டர் தாங்கியது. இது 300 மீட்டர் தாங்கும்.

அண்ணாச்சி: 300 மீட்டர்!

தம்பி: 300.

அண்ணாச்சி: இங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம்?

தம்பி: இடுப்பளவு இருக்கும்.

அண்ணாச்சி: சரி. இது முங்குமா, முங்காதா?

தம்பி: முங்கும்.

அண்ணாச்சி: அப்புறம் ஏன்வே கழற்றினீர்?

தம்பி: தண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்றுதான்.

(நான் இரண்டு படி தள்ளி வேட்டி பிழிந்துகொண்டிருந்தேன். பிழிவதை நிறுத்திவிட்டேன். தாமிரபரணிக் கரையில் இந்தக் குறுக்குத்துறையில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துக் குளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆற்றோடு போய்விடும் என்ற பயம், நியாயம். முங்குவதற்கென்று வாங்கியதை முங்குவதற்கு முன்னால் கழற்றுகிற கூட்டம் புதிதாக முளைத்திருக்கிறது. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.)

அண்ணாச்சி: 300 மீட்டர் என்றால் எத்தனை அடி?

தம்பி: கிட்டத்தட்ட 984 அடி.

அண்ணாச்சி: பாபநாசம் அணை 143 அடி. சேர்வலாறு 156. மணிமுத்தாறு 118. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தை மாதத்தில் நிறைய நிறையத் தண்ணீர் விட்டாலும் 417 அடிதான் வரும். ஜில்லாவில் இருக்கிற தண்ணீர் மொத்தமும் சேர்ந்தால் உம்ம வாட்சுக்கு இடுப்புக்கூட நனையாது. எங்கே போய் இதை முக்கப் போகிறீர்?

தம்பி: முக்குவதற்காக இல்லை. முக்கினாலும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை.

அண்ணாச்சி: நம்பிக்கை எனக்கும் நெல்லையப்பர் மேல் இருக்கிறது. அவர் லட்சக்கணக்கில் கேட்கவில்லை.

தம்பி: விடுங்கள். உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் வந்தேன். பழசை எடுக்கவா, புதுசை எடுக்கவா?

அண்ணாச்சி: இது எது?

தம்பி: பழசு. துபாய் மச்சினனுடையது. ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்று கொடுத்திருக்கிறான். இந்த மாடலை 2010ஓடு நிறுத்திவிட்டார்கள். 40 மில்லிமீட்டர். இப்போதிருக்கிற மாடல் 2020இல் வந்தது. 41 மில்லிமீட்டர்.

அண்ணாச்சி: பத்து வருஷம் உட்கார்ந்து ஒரு மில்லிமீட்டர் வளர்த்திருக்கிறான்.

தம்பி: கையில் கட்டினால் வித்தியாசம் தெரியும், அண்ணாச்சி. நான் ராத்திரி மூன்று மணி வரை தூங்கவில்லை, அந்த ஒரு மில்லிமீட்டரை நினைத்து.

அண்ணாச்சி: எங்கள் வடக்கு வேலிக்காரன் ஒரு முழம் உள்ளே தள்ளிக் கல் நட்டிருக்கிறான். நான் நன்றாகத் தூங்குகிறேன். வேறென்ன வித்தியாசம்?

தம்பி: புதுசைக் கழற்றி வைத்தால் 70 மணி நேரம் ஓடும். பழசு 48 மணி நேரத்தில் நின்றுபோகும். பேட்டரி கிடையாது பாருங்கள், கை ஆடுகிற ஆட்டத்தில்தான் சாவி ஏறும். புதுசு என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றிப் பீரோவில் வைத்தால் திங்கட்கிழமை காலையில் எடுக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணாச்சி: ஆக, புதுசு கட்டாமல் வைத்திருப்பதற்கு நல்ல வாட்ச்.

தம்பி: அப்படியும் சொல்லலாம்.

அண்ணாச்சி: நீர் வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை உமக்குப் பதிலாக அது வேலை பார்க்கிறது. சரி. புதுசு முங்குமா?

தம்பி: அதுவும் 300 மீட்டர்தான்.

அண்ணாச்சி: அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தானே குளிப்பீர்?

தம்பி: அதை இன்னும் ஜாக்கிரதையாகக் கழற்ற வேண்டும், அண்ணாச்சி. புதுசு அல்லவா?

அண்ணாச்சி: சரிதான்.

தம்பி: முக்கியமான விஷயம் இந்த வளையம். கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு வெளிறி இருக்கிறதே, அது. பழசில் அலுமினியம். வெயில் பட்டுப் பட்டு நிறம் வெளிறும். புதுசில் செராமிக், பீங்கான் ஜாதி. வெளிறாது, லேசில் கீறாது. ஆனால் ஓங்கி அடிபட்டால் விரிசல் விடலாம்.

அண்ணாச்சி: அப்படியென்றால் புதுசை எடுத்துத் தொலையும். சாயம் போகிறதை யார் வாங்குவான்?

தம்பி: அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாயம் போனால்தான் விலை கூடும்! கறுப்பு அப்படியே சாம்பலாக வெளிறினால் அதற்கென்றே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் பழைய வாட்சுகளில் இருட்டில் ஒளிர்கிற புள்ளிகள் டீ நிறத்துக்கு வந்திருந்தால் அதற்குத் தனி விலை.

அண்ணாச்சி: (மடக்கிவைத்த குடையைக் காட்டி) இதைப் பாரும். வாங்கும்போது கறுப்பு. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஆறு சித்திரை வெயில் பார்த்தது. இப்போது சாம்பல். எவ்வளவு தருவீர்?

தம்பி: அண்ணாச்சி, அது குடை.

அண்ணாச்சி: குடைதான். ஆனால் மழையில் விரித்திருக்கிறேன் வே. வேலை பார்த்து வெளிறிய குடை. உம்ம வாட்ச் துபாயில் ஏ.சி. ரூமுக்குள் இருந்து எப்படி வெளிறியது என்று உம்ம மச்சினனிடம் கேட்டீரா?

தம்பி: (கொஞ்ச நேரம் பேச்சு இல்லை) கார் ஓட்டும்போது ஜன்னல் பக்கம் கை வைப்பான் போலிருக்கிறது.

அண்ணாச்சி: அந்த வளையம் எதற்கு? அழகுக்கா?

தம்பி: இல்லை, இல்லை. முங்குகிறவன் இறங்கும்போது இந்த முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பிவிடுவான். அப்புறம் முள் வளையத்தில் எந்த எண்ணில் நிற்கிறதோ, அத்தனை நிமிஷம் ஆகியிருக்கிறது என்று கணக்கு. சிலிண்டரில் இருக்கிற காற்றுக்குத் தக்கபடி மேலே வந்துவிடலாம். அதிலும் பாருங்கள், வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். பாறையில் இடித்துத் தானாகத் திரும்பினாலும், அதிக நேரம் ஆகிவிட்டதாகத்தான் காட்டும். குறைத்துக் காட்டாது. ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான்.

அண்ணாச்சி: (முதல்முறையாக வாட்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார்) இதை யோசித்தவன் மனுஷன் வே. தப்பு நடந்தாலும் உயிர்ப் பக்கம் சாய வேண்டும் என்று நினைத்திருக்கிறான். இதற்குக் காசு கொடுக்கலாம். நீர் இந்த வளையத்தைத் திருப்பியிருக்கிறீரா?

தம்பி: தினமும் திருப்புகிறேன்.

அண்ணாச்சி: எதற்கு?

தம்பி: முட்டை அவிக்க.

(அண்ணாச்சி ஆற்றைப் பார்த்தார். நானும் ஆற்றைப் பார்த்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.)

அண்ணாச்சி: தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தார்களே, 1961ஓடு அது நின்றுபோனது. கல்லில் காலை ஊன்றிக் கயிற்றைப் பிடித்து இறங்குவான். மூச்சு முட்டினால் கயிற்றை ஆட்டுவான், மேலே இருக்கிறவன் இழுப்பான். வாட்சும் இல்லை, வளையமும் இல்லை. மேலே கயிறு பிடிக்கிறவன் யார் தெரியுமா?

தம்பி: யார்?

அண்ணாச்சி: மச்சினன் என்று சொல்வார்கள். அக்காள் தாலிக்காகவாவது விட்டுவிடமாட்டான் என்று கணக்கு. உமக்கும் கயிறு மச்சினன் கையில்தான் இருக்கிறது. அவன் எந்தப் பக்கம் இழுக்கிறான் என்பதுதான் தெரியவில்லை.

தம்பி: அவன் நல்லவன், அண்ணாச்சி. குடும்பத்துக்குள் என்று குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

அண்ணாச்சி: சரி, புதுசைக் கடையில் போய் வாங்க வேண்டியதுதானே? இந்த இழுபறி எதற்கு?

தம்பி: காசைக் கொண்டு போனாலும் உடனே தரமாட்டார்கள். பெயர் எழுதி வைக்க வேண்டும். எப்போது வரும் என்று சொல்லமாட்டார்கள். நாமும் ரொம்பக் கேட்கக் கூடாது.

அண்ணாச்சி: ரேஷன் கடை மண்ணெண்ணெயா இது? அங்கேயாவது என்றைக்கு வரும் என்று போர்டில் எழுதிப் போடுவான்.

தம்பி: புதுசில் பட்டைக் கொக்கி நன்றாக இருக்கும். கருவி இல்லாமல் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொள்ளலாம், முங்குகிற உடுப்புக்கு மேலே கட்டுவதற்காக. பழசில் கொக்கி தகரம் மாதிரி லொடலொடக்கும்.

அண்ணாச்சி: உம்மிடம் முங்குகிற உடுப்பு இருக்கிறதா?

தம்பி: இல்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எழுந்தால் தளர்த்திக்கொள்ளலாம் என்று…

அண்ணாச்சி: இதுவரை சொன்னதில் இது ஒன்றுதான் உருப்படியான உபயோகம். புதுசையே எடும். ஆமாம், தேதிக்கு மேலே இதென்ன கொப்புளம்?

தம்பி: பூதக்கண்ணாடி. தேதியைப் பெரிதாகக் காட்டும்.

அண்ணாச்சி: இதை வாங்குகிற அளவுக்குக் காசு சேரும்போது கண் போயிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, கடைசியாகக் கேட்கிறேன். இது முங்குமா, முங்காதா?

தம்பி: (குரலைத் தாழ்த்தி) உண்மையைச் சொல்லட்டுமா? உள்ளே ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. பின்மூடியில் ஒன்று, சாவி கொடுக்கிற திருகுக் குமிழில் சில. அதுதான் தண்ணீரைத் தடுப்பது. ரப்பருக்கு வயசாகும். அவ்வப்போது மாற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினாய் என்று மச்சினனிடம் கேட்டேன்.

அண்ணாச்சி: என்ன சொன்னான்?

தம்பி: அக்கா சௌக்கியமா என்று கேட்டான்.

அண்ணாச்சி: அப்படிப் போடும்! வாட்சில் 300 என்று எழுதியிருக்கிறது, ரப்பரில் எழுதவில்லை. காலையிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் உம்மை இவ்வளவு கேலி செய்திருப்பேனா?

தம்பி: அதனால்தான் கழற்றினேன்.

அண்ணாச்சி: நாளைக்கே ரப்பரை மாற்றி, சோதித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று வையும். கட்டிக்கொண்டு முங்குவீரா?

தம்பி: (யோசிக்கிறார்) எதற்கு வீணாக?

அண்ணாச்சி: அதோ, ஆற்றுக்குள் நிற்கிறாரே முருகன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கோயிலையே மூடிக்கொண்டு தண்ணீர் போனது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பவர், அவரை யாரும் கழற்றி வைக்க முடியாது. வருகிற வெள்ளத்துக்கெல்லாம் முங்கிக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறார். நீர் வைத்திருப்பது உற்சவர் வே. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே செய்தது.

தம்பி: இது?

அண்ணாச்சி: எது?

தம்பி: உங்கள் கையில் இருக்கிறதே, அது.

அண்ணாச்சி: ஓ, இதுவா. எச்.எம்.டி. மாமனார் போட்டது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். கழற்ற மறந்து இரண்டு தடவை ஆற்றில் முங்கியிருக்கிறேன். கண்ணாடிக்குள் ஆவி கட்டியது, வெயிலில் வைத்தேன், போய்விட்டது. இது முங்காத வாட்ச். ஆனால் முங்கியிருக்கிறது. சரி, பேச்சை மாற்றாதீர். புதுசையே எடும். பழசு வேண்டாம்.

தம்பி: (தலையைச் சொறிந்து) பழசுக்குச் செவ்வாய்க்கிழமையே முன்பணம் அனுப்பிவிட்டேன்.

அண்ணாச்சி: அடக் கோட்டிக்காரா! பின்னே என்னத்துக்குவே அரை மணி நேரமாக என் வாயைப் பிடுங்கினீர்?

தம்பி: நீங்களும் பழசுதான் நல்லது என்று சொல்லிவிட்டால் வீட்டில் போய், அண்ணாச்சியே சொல்லிவிட்டார் என்று…

அண்ணாச்சி: ஓஹோ, உம்ம வீட்டுக்காரிக்குத் தெரியாதா? அவள் தம்பியிடமிருந்து, அவளுக்கே தெரியாமல்?

தம்பி: மெதுவாகப் பேசுங்கள், அண்ணாச்சி… ஐயோ, என்ன இது, மேலே ஏதோ விழுகிறது?

அண்ணாச்சி: தூறல்.

தம்பி: கொடுங்கள், கொடுங்கள், கொடுங்கள்!

(துண்டோடு பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, படியில் இரண்டு இரண்டாகத் தாவி மண்டபத்துக்கு ஓடுகிறார். செருப்பு ஒன்று தண்ணீருக்குள் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை.)

அண்ணாச்சி: (பின்னாலிருந்து சத்தமாக) ஓய்! நடுத்தூணுக்குப் போம்! ஓரத்தில் நிற்காதீர், அங்கே அரை மீட்டருக்கு மேல் அடிக்கும்!