மூளையில் மறுபடியும் ஏதோ 'ஒளிர்ந்துவிட்டதாம்'

'காதலுக்கான மூளைப் பகுதி கண்டுபிடிப்பு!' என்று செய்தித் தலைப்பு. போன வாரம் பொறாமைக்கு. அடுத்த வாரம் மொபைலுக்கா?

மூளை என்ன சீரியல் பல்பா, ஒளிர்வதற்கு? எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் அளப்பது எண்ணத்தை அல்ல, ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை. அதுவும் நியூரான் (மூளை நரம்பணு) வேலைசெய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். படத்தில் தெரியும் ஒவ்வொரு குட்டிக் கட்டத்துக்குள்ளும் லட்சக்கணக்கான நியூரான்கள். சிவப்பும் மஞ்சளும் கணினி பூசிய சாயம். இதையெல்லாம் எழுதினால் பேனா தேய்ந்துவிடுமோ?

ஒரு லட்சம் கட்டங்களைத் தனித்தனியாகச் சோதித்து, 5 சதவீதத் தற்செயல் பரவாயில்லை என்று விட்டால், 5,000 கட்டம் சும்மாவே 'ஒளிரும்'. 2009இல் செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் படுக்கவைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். இந்தத் தற்செயலுக்குத் திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் 'வேலைசெய்தது'! நல்லவேளை, 'இறந்த மீனுக்கும் இரக்கம்' என்று தலைப்பு வரவில்லை.

இருபது பேரை ஸ்கேன் செய்தால் 'விஞ்ஞானிகள் நிரூபணம்'. மூளை அமைப்பையும் குணத்தையும் நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022இல் நேச்சர் அறிவியல் இதழிலேயே வந்தது. யார் படித்தார்கள்? இன்னும் மோசம், ஆய்வு நடந்தது 'எலிகளில்' என்ற ஒற்றைச் சொல். தலைப்பில் கிடையாது, முதல் பத்தியில் கிடையாது. 'அல்சைமருக்குத் தீர்வு' என்று நோயாளி வீட்டில் விளக்கேற்றிய பிறகு, பதினோராவது பத்தியில் வாலாட்டிக்கொண்டு வருகிறது எலி.

அதே முடிவு அடுத்த ஆய்வில் கவிழ்ந்தால்? அந்தச் செய்தியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.