தேனீ நஞ்சும் புற்றுநோயும்: ஒரு காணொளிக்கு எனது பதில்

மார்புப் புற்றுநோய்க்காக என் சித்தி மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ சிகிச்சை பெறத் தொடங்கிய பிறகு, தேனீ நஞ்சு மார்புப் புற்றுநோயை 60 நிமிடங்களில் அழித்துவிடும் என்றும் வைத்தியர்கள் அதை மறைக்கிறார்கள் என்றும் சொல்லும் ஒரே காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று தடவை வந்துவிட்டது. கடைசியாக அனுப்பியவர் வெள்ளவத்தை மாமா. அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்த சித்தி, அடுத்த கீமோவுக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டுவிட்டார்.

காணொளியின் முதற்பாதி பொய்யல்ல என்பதுதான் சிக்கல். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டின் என்ற பொருள், சிகிச்சைக்கு எளிதில் மசியாத சில மார்புப் புற்றுநோய்க் கலங்களின் மென்சவ்வை 60 நிமிடங்களுக்குள் சிதைத்தது. ஆனால் அது ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கப்பட்ட கலங்களில் நடந்தது. எலிகளில் சோதித்தபோது, அதே ஆய்வாளர்கள் மெலிட்டினை டொசிடாக்செல் என்ற கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுத்தே நல்ல பலனைக் கண்டார்கள். சித்திக்கு ஏற்றப்படுவதும் டொசிடாக்செல்தான். காணொளியைத் தயாரித்தவர் இந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டார்.

வெறும் 26 அமினோ அமிலங்களால் ஆன மெலிட்டின், புற்றுநோய்க் கலத்தைத் துளைக்கும் அதே திறத்தால் செங்குருதிக் கலங்களையும் உடைக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்திகளை எத்தனை முறை வாசித்திருப்போம்! தேனீயோ குளவியோ கூட்டமாகக் கொட்டினால் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே போதும். இரண்டு ஆண்டுகளாகத் தேனீக் கொட்டுச் சிகிச்சை பெற்றுவந்த ஸ்பெயின் நாட்டுப் பெண்ணொருவர் அவ்வாறு இறந்ததை 2018இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது. ஆகவே நஞ்சை நோயுற்ற கலத்திடம் மட்டும் கொண்டுசேர்ப்பதே ஆய்வாளர்களின் உண்மையான வேலை. அது இன்னும் முடியவில்லை.

நம்பிக்கை தரும் பொருளையும் முறையாகச் சோதிக்காமல் மருந்தென்று ஏற்கக் கூடாது என்ற பாடம், அழற்சிக்கான மருந்துகளிலும் உண்டு. பட்டுப்புழுவின் குடலில் வாழும் பக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட செராஷியோபெப்டிடேஸ் என்ற நொதியம் வீக்கத்துக்கான மாத்திரையாகப் பல ஆண்டுகள் விற்கப்பட்டது. மருந்தில்லாத வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டுச் சோதித்தபோது வேறுபாடு தென்படாததால், ஜப்பானில் அதைத் தயாரித்த தக்கேடா நிறுவனமே 2011இல் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அது இன்றும் எழுதிக் கொடுக்கப்படுகிறது என்பது வேறு கதை.

பூச்சிகளிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. கொப்புள வண்டின் நஞ்சான கந்தாரிடின், 1810இல் பிரித்தெடுக்கப்பட்டு, சிறுவர்களுக்கும் வரும் ஒருவகை வைரஸ் தோல் நோய்க்கான மருந்தாக 2023இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் 0.7 சதவீதக் கரைசலாக, மருத்துவப் பணியாளரின் கையால் தோலில் மட்டும் பூசுவதற்கு. சீன மரபு மருத்துவத்தில் கட்டிகளுக்கு நெடுங்காலம் பயன்பட்ட வண்டு அது. ஆனாலும் சிறுநீரகத்துக்கு நஞ்சாவதால், புற்றுநோய்க்கு அதன் தீமை குறைந்த மாற்று வடிவங்களையே தேடுகிறார்கள்.

சித்திக்கு அடுத்த கீமோ வரும் புதன்கிழமை. மாமா, முடிந்தால் அன்று காலை உங்கள் காரில் அவரை மகரகமவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.