நானும் ஒரு உப்புக்குச் சப்பாணி

"நாங்க ஆடாத ஆட்டமா, இப்ப உள்ள பிள்ளைய பூரா போனக் கட்டிக்கிட்டு அழுது"ன்னு வாரத்துக்கு ரெண்டு போஸ்ட்டாவது கண்ணுல பட்டுருது. போட்டுட்டுப் போங்க. ஆனா பழிய மொத்தமா போன் தலையில கட்டுறத மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

எங்க ஊரு திசையன்விளை பக்கம், தேரிமண்ணு, அதாவது செவப்பு மணலு. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கட்டடம், ஒரு வேப்பமரம், அதுல தொங்குற தண்டவாளத் துண்டுதான் பெல்லு. நான் மூணாப்பு படிக்கும்போதுதான் தூத்துக்குடி தனி ஜில்லாவாப் பிரிஞ்சது, 1986. மத்தியானம் சத்துணவு தின்னுட்டு தட்ட மண்ணப் போட்டுத் தேச்சுக் கழுவி வச்சிட்டா அடுத்த பெல்லு வரைக்கும் எங்க ராச்சியம்தான், சார்மாரு டீச்சர்மாரு ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாவ.

ஆட்டத்துக்கெல்லாம் சீசன் உண்டு, யாரும் தேதி குறிச்சுச் சொல்லல, தானா மாறும். நுங்கு வெட்டுனா நுங்கு வண்டி. ஆனி ஆடில ஆளத் தள்ளுற மாதிரி காத்தடிக்கும்லா, அப்ப பனையோலைக் காத்தாடி, நடுவுல உடைமுள்ளு குத்தி. மழை பேஞ்சு மண்ணு இறுகுனாதான் கிளித்தட்டு (கோடு போட்டுப் பிரிச்ச தட்டுகள, கிளியா நிக்கிறவன்கிட்ட அடி வாங்காமத் தாண்டுற ஆட்டம்), ஏன்னா காஞ்ச தேரிமண்ணுல கோடு போட்டா காத்தே அழிச்சிரும்.

எனக்கு இழுப்பு. பத்தடி ஓடுனா நெஞ்சுக்குள்ள விசிலடிக்கும். என்னைய எந்தப் பக்கம் சேத்தாலும் அந்தப் பக்கம் தோக்கணும், ஆனா "நீ வராதல"ன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. அஞ்சாப்பு அண்ணன் ஒருத்தன் "ஏலே, அவன் உப்புக்குச் சப்பாணிலே, அவன அடிச்சா செல்லாது"ம்பான், அவ்வளவுதான், சட்டம் பாஸ். (ஒப்புக்குன்னுதான் சரியாம், எங்களுக்கு உப்புத்தான். அந்த வார்த்தையே இப்ப சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, அன்னைக்கு எங்ககிட்ட வேற வார்த்தை இல்ல.) கிளியா நிக்கிறவன் என் முதுகு வரைக்கும் கையக் கொண்டாந்து காத்துல வீசிட்டு அடுத்தவன விரட்டப் போயிருவான். நான் பைய ஒவ்வொரு தட்டா நடந்து கடைசிக் கோட்டத் தாண்டி "பழம்"னு கத்துவேன், அது எந்தக் கணக்குலயும் சேராது, ஆனா தொண்டை கிழியக் கத்துவேன். செம்மண்ணு ஏறுன வெள்ளச்சட்டையப் பாத்துட்டு எங்கம்ம வெளக்கமாத்தத் தேடுனது தனிக்கதை.

எல்லாம் தேனும் பாலுமா ஓடுச்சுன்னு சொல்ல வரல. கள்ளாட்டை உண்டு, மண்டை உடைஞ்சிருக்கு, இன்ன வீட்டுப் பிள்ள கூடச் சேராதன்னு சில வீட்டுல சொல்லி அனுப்புனதும் உண்டு. ஆனா ஆட்டத்துக்குள்ள சட்டம் போட்டது நாங்க.

இப்ப எம்மக பாளையங்கோட்டைல ஒரு ஸ்கூல்ல மூணாவது. பி.டி. பீரியட்ல விசிலு, வரிசை, ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடுற நாலு பிள்ளைக்கு பிராக்டிஸ், மத்ததெல்லாம் நெழல்ல உக்காந்து கைதட்டணுமாம். பொங்கல் முடிஞ்சா அந்தப் பீரியடும் கணக்குக்குப் போயிருது. "நான் செலக்ட் ஆகலப்பா"ங்கா, எட்டு வயசுப் பிள்ள! 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல ஸ்கூல்னா விளையாட்டு மைதானம் இருக்கணும்னு இருக்கு, அஞ்சாப்பு வரைக்கும் வருசத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம்னும் இருக்கு. விளையாட எத்தன மணின்னு மட்டும் எண்ணிக்கை கிடையாது. எண்ணாத நேரத்த எவனும் எடுத்துக்கிடலாம்லா? எடுத்துக்கிட்டது பெரியவங்க நாமதான், போன் எல்லாம் அதுக்குப் பொறவு வந்தது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தெருவுல பயலுவ கிரிக்கெட். ஆறு வயசு இருக்கும் ஒரு பொடியன், பேட்டு அவன் நெஞ்சு உசரம் நிக்கி. காம்பவுண்டு செவுத்து மேல ரெண்டு போனு கெடக்கு, ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. முதப் பந்துலயே போல்டு. பொடியனுக்கு மூஞ்சி கோணிட்டு. பந்து போட்டவன் "ட்ரையல் பாலுல அது, நில்லு"ன்னான். அடுத்ததும் போல்டு, அதுவும் ட்ரையல் பால். நான் பாத்துக்கிட்டு நின்ன வரைக்கும் அஞ்சு பந்து, அஞ்சும் ட்ரையல் பாலுதான்.