வாட்டர்ப்ரூஃப்னா எண்ணெய்க்கும் தாங்கும்னு இல்ல

"வாட்டர்ப்ரூஃப் ஸ்டிக்கர் எதுவா இருந்தாலும் சரி, ரீஃபில் போத்தல்ல வருஷக்கணக்கா நிக்கும்"னு மேலே எழுதியிருக்கீங்க அண்ணே. பாதிதான் சரி. வெறும் தண்ணி பெரிய எதிரி இல்ல. எண்ணெய், சவர்க்காரம், வெந்நீர், இந்த மூணும்தான்.

நான் பினாங்குல நல்லெண்ணெயும் பாத்திரச் சோப்பும் ரீஃபில் போட்டு விக்கிறேன். முதல்ல நானும் வாட்டர்ப்ரூஃப் தாள் வாங்கி இங்க்ஜெட்ல அடிச்சேன். மூணாவது தடவை கழுவினப்ப ஓரம் சுருண்டுச்சு, எண்ணெய் வழிஞ்ச பக்கம் எழுத்து கரைஞ்சு "நல்" மட்டும் மிச்சம்!

தாள் வேணாம், பிளாஸ்டிக் ஃபிலிம் வாங்குங்க. கண்ணாடிப் போத்தலுக்கு பாலியெஸ்டர் நல்லா நிக்கும். அமுக்குற சோப்புப் போத்தல்ல அதே பாலியெஸ்டர் மடிஞ்சு கோடு விழும், அதுக்கு வளையுற பாலிஎதிலீன்தான் சரி. பாலிஎதிலீன், பாலிப்ரோப்பிலீன் போத்தல்ல சாதாரண பசை லேசுல பிடிக்காது; அதுக்குன்னே பசை இருக்கு, கடையில கேட்டு வாங்கணும். அச்சுக்கு ரெசின் ரிப்பன் (லேபிள் பிரிண்டர்ல சூட்டால ஃபிலிம்ல பதியுற பிசின் மை நாடா), இல்லன்னா அச்சு மேல லேமினேஷன். பேரங்காடி ரசீது மாதிரி சூட்டுல கறுக்கும் தெர்மல் லேபிள் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு, ஐஸ்பெட்டியில இருந்து எடுத்த போத்தல் வேர்த்திருக்கும்போது ஒட்டாதீங்க. நல்லா துடைச்சுக் காயவச்சு ஒட்டிட்டு, 24 மணி நேரம் கழுவாம விடுங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல நிறைய பேர் இதுலதான் கோட்டை விடுறாங்க.

உங்க போத்தல் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா அண்ணே?