டெர்ரி நட்கின்ஸின் இரண்டு விரல்கள்

எழுபது, எண்பதுகளில் பிரிட்டனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, தொலைக்காட்சியில் விலங்கு நிகழ்ச்சி நடத்திய டெர்ரி நட்கின்ஸ் என்றதும் உச்சி வழுக்கை, பக்கவாட்டில் தோள்வரை தொங்கும் முடி, பக்கத்தில் ஜெமினி என்ற கடல் சிங்கம் ஞாபகம் வரும். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய கைகள். இரண்டு விரல்களின் நுனி இருக்காது. குழந்தைகளுக்கான காட்டுயிர் நிகழ்ச்சியில் வந்த மிக நேர்மையான காட்சி அதுதான் என்பது என் கட்சி.

1946இல் லண்டனில் பிறந்தவர். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு லண்டன் விலங்குக் காட்சிசாலையின் யானைக் கொட்டகையில் எடுபிடி வேலை செய்த பையன். பன்னிரண்டு வயதில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் சாண்டைக் என்ற இடத்தில் நீர்நாய் வளர்த்த எழுத்தாளர் கேவின் மேக்ஸ்வெல்லுக்கு உதவியாளாகப் போனார். பிறகு மேக்ஸ்வெல்லே அவருக்குச் சட்டபூர்வ பாதுகாவலர் ஆனார். அங்கிருந்த எடால் என்ற ஆப்பிரிக்க நீர்நாய்தான் விரல் நுனிகளைக் கடித்துத் துண்டாக்கியது.

எடால் ஒன்றும் காட்டிலிருந்து அன்றைக்குப் பிடித்து வந்த மிருகம் அல்ல. குட்டியிலிருந்து மனிதர் கையில் வளர்ந்தது. சிக்கலே அங்கேதான். கையில் வளர்ந்த நீர்நாய் பெரும்பாலும் ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளும். பருவம் வந்ததும் அந்த ஆளையும் இடத்தையும் தன் எல்லையாகக் கருதி மற்றவர்கள் மேல் பாயும். ஆப்பிரிக்க நகமில்லா நீர்நாயின் முக்கிய இரை நண்டு. நண்டு ஓட்டை நொறுக்கும் தாடைக்கு விரல் எலும்பு ஒரு பொருட்டா? பிற்காலத்தில் எடால் தனியாக அடைத்து வைக்கப்பட்டது. 1968 ஜனவரியில் சாண்டைக் வீடு தீப்பிடித்தபோது இறந்தது.

நட்கின்ஸ் பிபிசிக்கு வந்தபோது 'அனிமல் மேஜிக்' ஏற்கெனவே ஜானி மோரிஸின் ராஜ்ஜியம். 1962 முதல் 1983 வரை ஓடிய நிகழ்ச்சி. மோரிஸ் பிரிஸ்டல் காட்சிசாலைப் பராமரிப்பாளர் உடுப்பில் வந்து ஒவ்வொரு மிருகத்துக்கும் தானே குரல் கொடுப்பார். பார்க்க ரசனையாகத்தான் இருக்கும். ஆனால் குரல் ஏறிய இடத்தில் உடல்மொழி மறைந்துபோகும். சிம்பன்சி பல்லைக் காட்டினால் பெரும்பாலும் பயம் அல்லது பணிவு. மேலே ஒரு வேடிக்கை வசனம் போட்டால் பிள்ளை அதைச் சிரிப்பு என்றே படிக்கும். நான் மோரிஸைத் திட்டவில்லை. அவர் இழுத்துவந்த கூட்டம் இல்லாமல் அடுத்தது நடந்திருக்காது.

ஜெமினியோடு நட்கின்ஸ் இருந்தது வேறு மாதிரி. கடல் சிங்கத்தைப் பழக்குவது கொஞ்சுகிற வேலையில்லை, நேரக் கணக்கு. சரியான அசைவு முடியும் அந்த நொடியிலேயே விசில், அதன்பிறகு மீன். விசில் இரண்டு நொடி பிந்தினால், அந்த இடைவெளியில் அது என்ன செய்ததோ அதையே கற்றுக்கொள்ளும். மீன் வாளி கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் ஆளை விட்டு வாளியைத்தான் பார்க்கும். உறையவைத்த மத்தி, கானாங்கெளுத்தி வகையைப் போடுவதானால் குளிர்பெட்டிக்குள்ளேயே மெதுவாக உருகவிட வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் சத்து கரைந்துவிடும். அந்த மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு என்பதால் ஒரு கிலோ மீனுக்குச் சுமார் 25 மில்லிகிராம் பி1 மாத்திரையை மீனின் செவுளில் திணித்துக் கொடுப்பார்கள். விட்டுவிட்டால் முதலில் தீனி குறையும், பிறகு நடுக்கம், வலிப்பு.

1986இல் தொடங்கிய 'தி ரியலி வைல்ட் ஷோ'வில் நட்கின்ஸ், கிறிஸ் பேக்கம், நிக்கோலா டேவிஸ் மூவரும் ஸ்டூடியோவில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பேசினார்கள். குரல் மாற்றும் வித்தை கிடையாது, நேரடித் தகவல். அது 2006 வரை ஓடியது. நட்கின்ஸ் 2012 செப்டம்பரில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது ரீல்ஸில் நீர்நாய்க் குட்டி ஆளின் மடியில் பந்து உருட்டுகிறது. ஜப்பானில் நீர்நாய் கஃபேக்களே நடக்கின்றன. இந்த மோகத்துக்குச் சரக்கு போவது ஆசியச் சிறுநக நீர்நாய்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இருப்பதும் அதே இனம். கடத்தல் தாங்காமல்தான் 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) மாநாடு அதையும், காவிரியில் வாழும் நீர்நாயையும் முதல் பட்டியலுக்கு ஏற்றி சர்வதேச வணிகத்துக்குத் தடை போட்டது.

நாலு கிலோ எடையுள்ள சிறுநக நீர்நாய்க்கு ஒரு நாளைக்கு 600 முதல் 800 கிராம் வரை மீனும் நண்டும் வேண்டும். மூழ்கி நீந்துகிற ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். கூட்டமாக வாழும் பிராணி, துணைக்கு இன்னொன்றும் வேண்டும். அந்த ரீலில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதை 'க்யூட்' என்று பகிர்கிறவர்கள், வளர்ப்பவரின் கைகளையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்க்கலாம். கையுறை போட்டிருக்கிறாரா, தழும்பு இருக்கிறதா என்று.