உடலே சுரப்பதால் கஞ்சா கருத்தரிப்புக்கு நல்லதா?

"நம் உடலே கஞ்சா போன்ற பொருளைச் சுரக்கிறது, அதனால் கஞ்சா கருத்தரிக்க உதவும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு, ஆபத்தும்கூட.

அந்தப் பொருளின் பெயர் அனந்தமைடு. 1992-இல் கண்டறியப்பட்ட இதை நம் உடலே தயாரிக்கிறது. அது வந்து ஒட்டும் சிபி1 ஏற்பி (செல்லில் உள்ள, அதன் சைகையை ஏற்கும் புரதம்) கஞ்சாவுக்காக உருவானதல்ல. மீன், தவளை, பறவை, பாலூட்டி எல்லாவற்றிலும் இந்த ஏற்பி உண்டு. மீன்களில் மூளையிலும் இனப்பெருக்க உறுப்புகளிலும் காணப்படுகிறது.

இங்கே முக்கியம் அளவுதான். எலியின் கருப்பையைப் பாருங்கள்: கரு ஒட்டும் இடத்தில் அனந்தமைடு குறைகிறது, ஒட்டாத இடங்களில் கூடுதலாக இருக்கிறது. அனந்தமைடு ஒட்டுவதற்கான சிபி1 இல்லாத எலிகளில் பல கருக்கள் கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுகின்றன. ஆக, கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்.

அனந்தமைடை உடல் தேவையான இடத்தில் தயாரித்து, நொதியால் உடனே சிதைத்துவிடும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி அப்படியல்ல. உடல் முழுக்கப் பரவி, கொழுப்பில் நாள்கணக்கில் தங்கும். மனித விந்தணுவிலும் சிபி1 இருக்கிறது. ஆய்வகத்தில் டிஎச்சி பட்டபோது அதன் நீந்தும் வேகம் குறைந்தது.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தச் செய்தியை நம்பாதீர்கள்.