சியோல் வழியும் லாகூர் வழியும்

உயர்தரத்தைப் பாதியில் விட்டுவிட்டு "புரோ ஆகப் போறேன்", அதாவது வீடியோ கேம் ஆடுவதையே தொழிலாக்கப் போறேன் என்று நிற்கிற பிள்ளைகளின் வாயில் முதலில் வருகிற பெயர் ஃபேக்கர். "அவரும் பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே" என்பார்கள். அப்பாமாருக்கும் வாப்பாமாருக்கும் அந்த ஆள் யாரென்றே தெரியாது, அதனால் வாதம் அதோடு முடிந்துவிடுகிறது. விளையாட்டைத் தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதும் பிழைதான். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஃபேக்கர் என்கிற லீ சாங்-ஹியோக் 1996ல் பிறந்த சியோல்காரர். லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் என்ற கணினி ஆட்டத்தில் 2013, 2015, 2016, 2023, 2024, 2025 என்று ஆறு தடவை உலகச் சம்பியன். பள்ளிக்கூடத்தை விட்டதும் உண்மை. ஆனால் எதற்குப் பிறகு எது நடந்தது என்று பாருங்கள். கொரிய சேர்வரின் (நெட்டில் ஆட்டத்தை நடத்தும் கணினி) தரவரிசையில் உச்சத்துக்குப் போய், ஊர்பேர் தெரியாத ஒரு பையன் பெரிய ஆட்களை அடிக்கிறான் என்று பேச்சு வந்தது முதலாவது. அதைப் பார்த்து எஸ்.கே. ரெலிகொம் அணி கூப்பிட்டது இரண்டாவது. படிப்பை விட்டது அதோடு சேர்ந்து வந்ததுதான். 2013 ஏப்ரலில் முதல் போட்டி, அந்த ஒக்டோபரிலேயே லொஸ் ஏஞ்சல்ஸில் உலகக் கிண்ணம். நம்மிடம் நடப்பது தலைகீழ்: முதலில் படிப்பை விடுவது, பிறகு நல்ல போன் கேட்பது, தரவரிசையைக் கடைசியில் பார்த்துக்கொள்வது.

2016க்கும் 2023க்கும் நடுவில் ஏழு வருடம் அவருக்கு உலகக் கிண்ணம் இல்லை என்பதையும் யாரும் சொல்வதில்லை. 2017ல் பீஜிங் இறுதியாட்டத்தில் 3-0 என்று தோற்று மேடையிலேயே அழுதார். 2022ல் சான் பிரான்சிஸ்கோவில் 3-2. 2023 நடுப்பகுதியில் கை வலியால் சில வாரம் ஒதுங்க, அணி வரிசையாகத் தோற்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளவில் ஆட்டத்தின் விதிகளையும் பாத்திரங்களின் பலத்தையும் கொம்பனி மாற்றிக்கொண்டேயிருக்கும். நேற்று வென்ற முறை இன்று உதவாது. அதற்கு ஈடுகொடுத்துப் போட்டிகளில் 80க்கும் மேற்பட்ட பாத்திரங்களை எடுத்து ஆடியிருக்கிறார். மணிக்கணக்கில் விளையாடுகிற பிள்ளை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் பிழைத்தது என்று எழுதி வைக்கிற பிள்ளையைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

என் கருத்து இதுதான்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு நெட்டில் ஆடி ஏறுகிற சியோல் வழி பொருந்தாது. ஒரே அறையில் சேர்ந்து ஆடுகிற லாகூர் வழி பொருந்தும்.

சியோல் ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணம் திறமை இல்லை, தூரம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் போகும். நாம் ஆடுகிற சேர்வர் பெரும்பாலும் சிங்கப்பூரில். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு. போய்வர 27 மில்லிசெக்கன், அதற்குக் கீழே எந்தக் கொம்பனியாலும் இறக்க முடியாது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. நமது சிக்னல் முதலில் தீவைக் குறுக்கே கடந்து கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும் உள்ள கேபிள் இறங்குதுறைகளுக்குப் போய்த்தான் கடலுக்குள் இறங்கவேண்டும். நடைமுறையில் அந்த 27 இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். செக்கனுக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடுகிற ஆட்டத்தில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெக்கன். 50 பிங் (சிக்னல் போய்வர எடுக்கும் மில்லிசெக்கன்) என்றால் மூன்று ஃப்ரேம் முன்னுக்கு எதிராளி நிற்கிறார். சியோல் பையனுக்கு சேர்வர் அதே நகரத்தில்.

"100 எம்.பி. பைபர் எடுத்திட்டம், இன்னும் லாக் அடிக்குது" என்ற முறைப்பாட்டுக்கும் விடை இதில்தான். வேகம் வேறு, தாமதம் வேறு. ஆட்டத்துக்கு வேண்டிய டேட்டா மிகக் கொஞ்சம்தான். பிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான்: தங்கச்சி வீடியோ ஒன்றை ஏற்றினால் றவுட்டருக்குள் வரிசை நீண்டு, 60 நின்ற பிங் 300க்குப் பாயும். றவுட்டரின் கியூ.ஓ.எஸ். (நெட்டைப் பங்கிடும்) பகுதியில் ஏற்றும் வேகத்தையும் இறக்கும் வேகத்தையும் உண்மையில் கிடைப்பதில் 85 வீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். வைபையை விட்டுவிட்டு கேட்-5ஈ நெட் வயர் இழுங்கள். வயர் இழுக்க வழியில்லாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை, அதுவும் அதே அறைக்குள். மாரியில் இடி முழங்கினால் றவுட்டரைக் கரண்டிலிருந்து மட்டும் கழற்றினால் போதாது, தொலைபேசிக் கம்பி வழியாக நெட் வருகிற வீடுகளில் அந்தக் கம்பியையும் கழற்றவேண்டும். இவ்வளவும் செய்தாலும் 60 என்பது 60தான். அங்குமிங்கும் தாவுவது நிற்கும், அதுவே பெரிய ஆறுதல்.

போனில் பப்ஜி அடிப்பவர்களுக்கு இன்னொரு வில்லன் வெப்பம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே, சார்ஜரில் போட்டபடி ஆடினால் சிப் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். 60 ஃப்ரேம் 40 ஆகிவிடும், கடைசி வட்டத்தில் துப்பாக்கி இழுபடும். முழுச் சார்ஜோடு தொடங்கி, கவரைக் கழற்றி, மேசைக் காற்றாடியைப் போனின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். புள்ளி முறையையும் படியுங்கள்: 16 அணி, முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6, பிறகு 5, 4, 3, 2, 1, 1. ஒரு கொலைக்கு 1. ஒரு நாளில் ஐந்தாறு ஆட்டம் போகும் போட்டியில் முதல் நிமிடத்திலேயே சண்டைக்கு இறங்கி இரண்டு கொலையோடு வெளியே போகிற அணி எப்படி மேலே வரும்?

இனி லாகூருக்கு வருவோம்.

அர்ஸ்லான் ஆஷ் என்கிற அர்ஸ்லான் சித்தீக் லாகூர்காரர், டெக்கன் என்ற சண்டை ஆட்டத்தின் ஆட்டக்காரர். 2019 பெப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோ ஜப்பான் போட்டிக்கு (ஈவோ என்பது சண்டை ஆட்டங்களின் பெரும்போட்டி) விசா, விமானம் என்று அலைக்கழிந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்து, வென்றார். அந்த ஓகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவையும் வென்றார். 2023லும் 2024லும் மறுபடி. முதல் வெற்றிக்குப் பிறகு அவர் சொன்னது, பாகிஸ்தானில் தன்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று. கொரியாவின் பெரும்புள்ளி பே ஜே-மின் அதைச் சோதிக்கப் பாகிஸ்தானுக்கே பறந்துபோய் அடிவாங்கித் திரும்பினார். (அவருடைய ஆட்டப் பெயர் 'நீ', முழங்கால் என்று பொருள். தமிழில் வாசிக்கும்போது நம்மைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.) 2019 ஓகஸ்ட் இறுதியாட்டத்தில் அர்ஸ்லானிடம் தோற்றவரும் அவரே.

பாகிஸ்தான் நெட் சிறந்த நாடு இல்லை, கொம்பனி அணிகள் இல்லை, கொழுத்த சம்பளமும் இல்லை. இருந்தது விளையாட்டுக் கடைகள், ஒரே திரைக்கு முன்னால் இரண்டு பேர். பிங் பூச்சியம். சண்டை ஆட்டங்களில் எதிராளி பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பான், சிங்கப்பூரில் இல்லை. கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிக்கும்போது வடசேரியும் தென்சேரியும் ஒரே மண்ணில் நின்று இழுப்பதுபோல.

ஆகவே கல்லடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஆறு, எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு அறை போதும். ஒரு பிளேஸ்டேஷன் 5 கொன்சோல், 24 அங்குல மொனிட்டர் ஒன்று, வயர் போட்ட கொன்ரோலர் இரண்டு. மொனிட்டருக்குப் பதில் வீட்டு டிவியை வைத்தால் முதலில் அதன் அமைப்புக்குள் போய் 'கேம் மோட்' போடவேண்டும். இல்லாவிட்டால் படத்தை அழகாக்கவென்றே டிவி பல ஃப்ரேம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் பழகிய கை நல்ல மொனிட்டரில் தடுமாறும். கரண்ட் போனால் கொன்சோல் பாதியில் அணைந்து சேமிப்பு கெட்டுப்போகலாம். ஆட்டம் ஓடும்போது அது ஏறத்தாழ 200 வாட் இழுக்கும், மொனிட்டர் 25. 1000 வீ.ஏ. யூ.பி.எஸ். (பற்றரிப் பெட்டி) ஒன்று, ஆட்டத்தை முடித்து ஒழுங்காக அணைக்க நேரம் தரும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று எச்.டி.எம்.ஐ. துளையைக் கறுப்பாக்கும், மணல் தூசி விசிறியை அடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்யுங்கள்.

அறை இருந்தும் பிள்ளைகள் முன்னேறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: "தோத்தவன் எழும்பு". பார்க்க நியாயமான முறை. ஆனால் கெட்டிக்காரன் மாலை முழுக்க ஆடுவான், பயிற்சி அதிகம் தேவைப்பட்டவன் சுவரோடு உட்கார்ந்து போன் பார்ப்பான். இதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டு பேர், பத்து வெற்றி வரை. முதல் மூன்று நான்கு ஆட்டங்களில் ஆச்சரியத்தால் வெல்லலாம். அதற்குப் பிறகு எதிராளி உங்கள் பழக்கத்தைப் படித்துவிடுவான், நீங்கள் மாறியாகவேண்டும். படிப்பு அந்த ஏழாவது, எட்டாவது ஆட்டத்தில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் முதல் இருபது நிமிடம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற பயிற்சி அறையில். டெக்கனில் எல்லாம் ஃப்ரேம் கணக்கு. எதிராளியின் அடியைத் தடுத்தபின் அவர் உங்களைவிட 10 ஃப்ரேம் பிந்தித்தான் மீள்வார் என்றால், 10 ஃப்ரேமில் வருகிற உங்கள் குத்து கட்டாயம் விழும். 15 பிந்தினால் பல பாத்திரங்களால் ஆளை மேலே தூக்கியே அடிக்கலாம். நேற்று உங்களை விழுத்திய மூன்று அடிகளை அங்குள்ள பயிற்சிப் பொம்மைக்குப் பதிவுசெய்து கலந்து ஓடவிடுங்கள், சரியான பதிலடி பத்துக்கு ஒன்பது தடவை வரும் வரை. கண்ணால் கண்டு கை அசைக்க மனிதருக்கு 200 முதல் 250 மில்லிசெக்கன் வேண்டும், அதாவது 12 முதல் 15 ஃப்ரேம். அதைவிட வேகமான தாழ்ந்த அடியைக் கண்டு தடுக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இது தெரியாத பிள்ளை முடியாத ஒன்றுக்கு மாதக்கணக்கில் தன்னையே திட்டிக்கொண்டிருக்கும். டெக்கன் 8ல் பழைய ஆட்டத்தைப் போட்டால் எந்த இடத்தில் பதிலடி தவறியது என்று அதுவே காட்டும், அந்த இடத்திலிருந்து நீங்களே பிடித்து ஆடியும் பார்க்கலாம். இவ்வளவு நல்ல வசதியைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

கிழமைக்கு மூன்று நாள், இரண்டு மணித்தியாலம். ரியூசனுக்கும் தொழுகைக்கும் கோயிலுக்கும் நேரம் மிஞ்சும். உடம்பையும் கணக்கில் எடுங்கள்: சீனாவின் உஸி (Uzi) என்ற லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் ஆட்டக்காரர் 2020ல் 23 வயதில் ஓய்வை அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இரண்டாம் வகை நீரிழிவும் கை வலியும் இருந்தன. நீரிழிவு நம் வீடுகளுக்கும் புதிதில்லை. மணிக்கொரு தடவை எழும்பி நடக்கவேண்டும், மணிக்கட்டு மேசை விளிம்பில் மடியக்கூடாது, விரல் விறைத்தால் அன்றைக்கு அதோடு சரி.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். சண்டை ஆட்டங்களில் பரிசு பொதுவாகச் சிறியது. 2024ல் றியாத் ஈ-ஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணத்தில் டெக்கன் 8க்குப் 10 இலட்சம் டொலர் வைத்தார்கள், அது விதிவிலக்கு. 2021ல் டோட்டா 2 என்ற கணினி ஆட்டத்தின் பெரும்போட்டிக்கு 4 கோடி டொலர் திரண்டது, ஆனால் அந்த மேடைக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஜப்பானின் சண்டை ஆட்டக்காரர் டைகோ உமெஹாரா உலகம் அறிந்த பிறகும் ஆட்டத்தை விட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர். பிறகு திரும்பிவந்து 2009லும் 2010லும் ஈவோ வென்றார். அதனால் உயர்தரத்தை முடியுங்கள் என்கிறேன். அணி ஒன்று கூப்பிட்டால் எழுத்தில் கேளுங்கள்: மாதச் சம்பளம் எவ்வளவு, பரிசில் யாருக்கு எத்தனை வீதம், விமானச் சீட்டும் விசாவும் யார் செலவு, எத்தனை மாதக் கட்டு, விலகினால் என்ன தண்டம், யூடியூப் வருமானம் யாருக்கு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையொப்பம் இல்லாமல் எதுவும் வேண்டாம். வெளிநாட்டுப் போட்டி என்றால் அழைப்புக் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று, பாடுமீன் ரயிலில் கொழும்புக்கு இரண்டு மூன்று இரவு என்று எட்டுக் கிழமைக்கு முன்னமே தொடங்கவேண்டும்.

அதற்கு முன் ஊருக்குள் மாதம் ஒரு போட்டி வையுங்கள். எட்டுப் பேர், இரண்டு தோல்விக்குப் பிறகே வெளியேற்றம், மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றால் போதும். மொத்தம் 14 மோதல், இறுதியில் மீள ஆடவேண்டி வந்தால் 15. ஒரு கொன்சோலில் இரண்டரை மணித்தியாலத்தில் முடியும். ஒரு விதியை முதல் நாளிலேயே கண்டிப்பாக வையுங்கள்: ஆட்டத்துக்கு நடுவே யாருடைய கொன்ரோலரால் பாஸ் (ஆட்டம் இடைநிற்பது) விழுந்ததோ, அவருக்கு அந்தச் சுற்று போச்சு. வெளியில் பெரிய போட்டிகளில் அப்படித்தான். வயர் இல்லாத கொன்ரோலரைக் கொன்சோலிலிருந்து பிரிக்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிப் போகிறவர்கள்தான் அடுத்த ஆட்டத்தைக் குழப்புவார்கள். மூன்று மீற்றர் வயர் ஒன்று அறையிலேயே கிடக்கட்டும்.